ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி விமான நிலையத்திலிருந்து டோக்கியோவின் நரிதாவுக்கு, அட்சரேகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கு போட்டால் சுமார் 7,830 கி.மீ. வருகிறது. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் ஒன்பதேகால் மணி நேரம். கணக்கு அவ்வளவுதான். ஆனா அந்தப் பாதையின் பெரும்பகுதி ரஷ்யாவுக்கு மேலே போகுது. சிக்கல் அங்கதான்.

பனிப்போர் காலத்தில் சோவியத் வான்வெளி மேற்கத்திய விமானங்களுக்குச் சுலபமாகத் திறக்கவில்லை. அதனால் ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போக வேண்டுமென்றால் தெற்கே இறங்கி, ஆசியா முழுக்க ஊர் ஊராக நின்று நின்று போகணும். சுமார் ஐம்பது மணி நேரம். 1957 பிப்ரவரியில் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து வடதுருவம் வழியாகப் பறந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோ போனது. நேரம் முப்பத்திச் சொச்சமாகக் குறைந்தது.

துருவத்துக்குப் பக்கத்தில் காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது. அங்கே வழி தவறினால் என்ன ஆகும்? 1978 ஏப்ரலில் பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் போக வேண்டிய கொரிய விமானம் ஒன்று திசை மாறி சோவியத் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. போர் விமானம் சுட்டதில் இரண்டு பயணிகள் இறந்தார்கள். விமானி உறைந்த ஏரி ஒன்றின் மேல் இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார்.

1983 ஏப்ரலில் ஃபின்ஏர் தன் டிசி-10 விமானத்தை ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு எங்கும் நிற்காமல் ஓட்டியது. வடதுருவம் வரை ஏறி, பெரிங் நீரிணை வழியாக இறங்கும் பாதை. குறைந்தது 10,600 கி.மீ. வருது. சுமார் 13 மணி நேரம். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, ஆங்கரேஜிலிருந்து சியோல் போன இன்னொரு கொரிய விமானம் பாதை விலகி சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். ஜிபிஎஸ் தயாரானதும் பொதுமக்கள் விமானங்களுக்கும் தருவோம் என்று அமெரிக்கா அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

பனிப்போர் முடிந்ததும் சைபீரியப் பாதை திறந்தது. பயணம் ஒன்பதரை மணி நேரமானது. இதில் ஒரு சின்ன கணக்கு இருக்கு. போக ஒன்பதரை, வர ஒன்பதரை, மொத்தம் 19. அதாவது ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் டோக்கியோ போய்த் திரும்பிவிடலாம். ஃபின்ஏரின் ஆசிய வியாபாரமே இந்தக் கணக்கின் மேல்தான் வளர்ந்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தது. ஃபின்லாந்து தன் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது, பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. மார்ச்சில் ஃபின்ஏர் டோக்கியோ விமானத்தை மறுபடி தொடங்கியபோது எடுத்தது அதே துருவப் பாதை, ஆன நேரம் அதே 13 மணி. போக வர 26. அந்த ஒரு விமானக் கணக்கு உடைஞ்சுபோச்சு. கூடுதல் விமானம், கூடுதல் விமானி, கூடுதல் எரிபொருள்.

டிசி-10 போய் ஏ350 வந்துவிட்டது. கார்பன் இழை இறக்கை, சிக்கனமான எஞ்சின், ஜிபிஎஸ் எல்லாம் இருக்கு. இருந்தும் நேரம் 1983-க்கே திரும்பிவிட்டது. ஆனால் ஐரோப்பா வரும் சீன விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலேயே பறக்கின்றன. தூரத்தைக் கேட்பவர்கள் இனி, எந்த நாட்டு விமானம் என்றும் சேர்த்துக் கேட்கணும்.