பயணத் தடுப்பூசியும் தளர்ந்த எதிர்ப்பாற்றலும்: ஓமலூர் வட்டாரத்தை முன்வைத்து

சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கிறது. ஆனாலும் இங்கிருந்து ஆப்பிரிக்கா செல்பவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு வழக்கமாகச் சென்னைக்கே போகிறார். கிண்டி கிங் நிறுவனத்திலோ துறைமுகச் சுகாதார அலுவலகத்திலோ போட்டுக்கொள்கிறார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட ஆப்பிரிக்க நாடுகள் வரை செல்வதால், இது இவ்வட்டாரத்துக்கு அயலான செய்தி அல்ல. அப்படிச் செல்பவர் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவராகவோ, முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் உண்பவராகவோ, எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து எடுப்பவராகவோ இருந்தால், எந்த நோய்க்கு ஊசி என்பதைவிட அதிலுள்ள கிருமி உயிருள்ளதா செயலிழந்ததா என்பதே முதல் கேள்வி.

மேலைநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுவதில் இங்கே ஓர் ஆபத்து உண்டு. ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி எதிர்ப்பாற்றல் குறைந்தவர்க்கு ஏற்றது என்று அவை சொல்லும். அங்கே புழங்குவது செயலிழந்த வகை என்பதால் அது சரி. இந்தியச் சந்தையிலோ எச்2 வகைக் கிருமியை வலுக்குறைத்துச் செய்த உயிருள்ள ஊசியும் விற்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் இதே நிலைதான்: அரசுத் திட்டத்தில் வந்த எஸ்ஏ 14-14-2 உயிருள்ளது, பாரத் பயோடெக்கின் ஜென்வாக் செயலிழந்தது. டைபாய்டில் வி.ஐ. ஊசி தகும், வாய்வழி டிஒய்21ஏ தகாது. ஹஜ் பயணிக்கான மூளைச்சவ்வுக் காய்ச்சல் ஊசியில் தடையில்லை; உடன் தரப்படும் போலியோ சொட்டு மருந்து உயிருள்ளது, அதற்கு மாற்றாக ஊசியைக் கேட்க வேண்டும். ஆகவே மருந்துச் சீட்டில் நோயின் பெயரை மட்டும் எழுதுவது அரைகுறைச் சீட்டு.

மஞ்சள் காய்ச்சலுக்கு இப்படி மாற்று வகையே இல்லை. 1937இல் மாக்ஸ் தைலர் உருவாக்கிய 17டி வழிவந்த உயிருள்ள ஊசிகள்தாம் இன்றும் உள்ளன. எதிர்ப்பாற்றல் ஒடுங்கியவர் உடலில் அக்கிருமி பெருகி ஈரலையும் மூளையையும் தாக்கலாம். மாற்றுறுப்புக்காரருக்கும், எச்.ஐ.வி. உள்ளவரில் சிடி4 வெள்ளணு எண்ணிக்கை 200க்குக் கீழ் உள்ளவருக்கும் அது கூடாது. 200 முதல் 499 வரை உள்ளவர்க்கு ஆபத்தை எடைபோட்டு முடிவெடுக்கலாம். நாளொன்றுக்கு 20 மி.கி. பிரெட்னிசோலோனை இரண்டு வாரமோ அதற்கு மேலோ உண்டவர், அதை நிறுத்தி ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும்.

ஊசி கூடாதவர்க்கு விலக்குச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். பன்னாட்டுச் சுகாதார விதிகள் அதற்கு இடம் தருகின்றன. மருத்துவர் காரணத்தை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுத வேண்டும். ஆனால் அந்தத் தாள் குடியேற்ற மேசையைத்தான் கடக்க உதவும், கொசுவிடம் செல்லாது. பிழைப்பு நிமித்தமான பயணமே ஆனாலும், நோய் பரவும் பகுதிக்கு ஊசி கூடாதவருக்குப் பதில் வேறொருவரை அனுப்புவதே நேர்மையான ஆலோசனை என்பது என் கருத்து.

காலத்தே செய்தால் சிக்கல் பாதி குறையும். 2016 ஜூலை 11 முதல் ஒரே ஊசிக்கான சான்றிதழ் ஆயுள் முழுதும் செல்லும். எனவே எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்து தொடங்கும் முன்பே, மருத்துவர் இசைந்தால், நான்கு வார இடைவெளி விட்டுப் போட்டுவிடலாம். செயலிழந்த ஊசிகளைப் பின்னரும் போடலாம். அவை தீங்கு செய்யா, ஆனால் சரியாகப் பிடிக்காமலும் போகும். ஹெபடைடிஸ் பி போட்டபின் எதிர்ப்பொருள் அளவைச் சோதிப்பது அதனால்தான்.

ஓமலூர், தாரமங்கலம் மருந்துக் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெட்டியில் 'லைவ் அட்டெனுவேட்டட்' என்று அச்சிட்டிருந்தால், வாங்குபவர் என்ன மருந்து உண்கிறார் என்று கேட்காமல் கொடுக்காதீர்கள்.