மன்றும் மனையும்: தாமான் ரிம்பா கியாரா வழக்கு

ஊர்ப் பொதுவிடத்தைக் குறிக்கத் தமிழிற் பல சொற்கள் உள. மன்றம், பொதியில் என்பன சங்க நூல்களிற் பயில்வன; மந்தை, களம், பொட்டல் என்பன இன்றைய வழக்கு. சிவகாசியை அடுத்த நாரணாபுரம் போன்ற ஊர்களில் பட்டாசுத் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் மக்களின் பகற்பொழுதைக் கொண்டுவிடுகின்றன. எஞ்சிய பொழுதில் சிறுவர் ஆடவும் முதியோர் அமரவும் உரியது பொட்டலே. இத்தகைய நிலத்திற்குத் தனியுடையார் இலர். ஆதலின் தனிக்காவலரும் இலர். வருவாய்த்துறையார் வழங்கும் 'புறம்போக்கு' என்னும் சொல் தீர்வைக்குப் புறம்பானது என்ற அளவிலேயே பொருள் தருவது. அதனை உரியவர் இல்லாத நிலம் எனக் கொள்வது பிற்காலப் பிழையாகும். மனை விலை ஏறுந்தோறும் இப்பிழையும் வளர்கின்றது. பொதுவிடத்தில் வீடு எழுப்பலாமோ என்னும் வினாவிற்குத் தெளிவான விடை தந்த வழக்கொன்று கோலாலம்பூரில் நிகழ்ந்தது. அதில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழ்வும் பிணைந்திருந்தமையின், அதன் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கோலாலம்பூரின் மேற்கில் உள்ள புக்கிட் கியாரா முன்னர் இரப்பர்த் தோட்டமாக இருந்தது. 'புக்கிட்' என்பது மலாய் மொழியிற் குன்றைக் குறிக்கும். 1970களில் அரசு அத்தோட்டத்தைக் கையகப்படுத்தியது. பால்மரம் வெட்டி வாழ்ந்தோர் வேலையும் குடியிருப்பும் ஒருங்கே இழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இந்திய வழியினர்; தமிழர் பலர். நிலையான வீடு தரப்படும் என்ற வாக்குறுதியோடு, 1980களின் தொடக்கத்தில் அவர்கள் 'நீண்ட வீடுகள்' எனப்படும் வரிசை வீடுகளில் தற்காலிகமாகக் குடியமர்த்தப்பட்டனர். ஏறத்தாழ 100 குடும்பங்கள் நாற்பதாண்டளவும் அத்தற்காலிகத்திலேயே வாழ நேர்ந்தது. தோட்ட நிலத்தின் பிற பகுதிகளிற் கோல்ஃப் திடல்களும் குதிரையேற்றக் கழகமும் எழுந்தன. அயலில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்னும் நடுத்தர வகுப்பார் குடியிருப்பு வளர்ந்தது. 1973இல் மறைந்த துணைப் பிரதமரின் பெயர் அதற்கு இடப்பட்டது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் அமைந்ததே தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்கா.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சி பொருந்தும். 'தாமான்' என்னும் மலாய்ச் சொல் பூங்காவையும் குறிக்கும், மனைப்பிரிவையும் குறிக்கும். வழக்கின் இருதரப்பு நிலங்களும் ஒரே சொல்லாற் பெயர் பெற்றிருத்தல் காண்க. தமிழிலும் இதற்கு நிகரான போக்கு உண்டு. சங்க நூல்களில் மனையையும் கோயிலையும் குறித்த 'நகர்' இன்று மனைப்பிரிவுகளின் பெயர் ஈறாயிற்று. தோப்பழிந்த இடத்தில் எழுந்த தெரு தோப்பின் பெயரையே தாங்குகின்றது. நிலம் மாறிய பின்னும் பெயர் நிலைத்தலின், இழந்தது யாதென்பது மக்கள் நினைவினின்றும் மெல்ல மறைகின்றது.

பூங்காவின் ஏறத்தாழ 12 ஏக்கர் நிலம் யாயாசான் விலாயா பெர்செகுத்துவான் என்னும் அறநிறுவனத்தின் உரிமைக்கு மாறியது. அந்நிறுவனம் தனியார் நிறுவனம் ஒன்றுடன் இணைந்து எட்டு வானளாவிய அடுக்ககங்களை எழுப்பத் திட்டமிட்டது. அவற்றோடு, நீண்ட வீட்டார் முதலியோர்க்கென 350 வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டடம் ஒன்றும் திட்டத்தில் இடம்பெற்றது. கோலாலம்பூர் மேயராகிய டத்தோ பண்டார் 2017 சூலையில் இதற்கு மேம்பாட்டு ஆணை வழங்கினார். அயற்குடியிருப்பாளர் 2017 ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தில் நீதி மறுஆய்வு வேண்டினர்.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கத் தக்கது, இருதரப்பும் நியாயம் உடையனவாதல். பூங்காவை இழப்போர் ஒருபுறம். வீட்டிற்குக் காத்திருந்தோர் மறுபுறம். நீண்ட வீட்டாருட் பலர் திட்டத்தை ஆதரித்தமை வியப்பன்று; நாற்பதாண்டிற்குப் பின் கிட்டிய வீட்டை எவர் மறுப்பர்? வசதியுடையோர் தம் உலாவிடத்தைக் காக்க ஏழையர் வீட்டைத் தடுக்கின்றனர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஆயின், நீண்ட வீடுகள் இருந்த நிலத்திலேயே அவர்க்கு வீடு கட்டித் தருதலை யாம் எதிர்க்கவில்லை என்பதே பூங்காவைக் காக்க முனைந்தோர் கூற்று. எனவே முரண் உண்மையில் வீட்டிற்கும் பூங்காவிற்கும் இடையே எழுந்ததன்று. பழைய கடனைத் தீர்த்தற்குரிய வீடுகளைப் பெருவணிகக் கட்டடங்களோடு ஒரே திட்டமாகக் கட்டியமையே ஏழையரையும் அயலாரையும் எதிரெதிர் நிறுத்தியது என்பது எம் கருத்து.

2018 நவம்பர் 28இல் உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 2021 சனவரி 27இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி மேம்பாட்டு ஆணையை நீக்கியது. 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அம்முடிவை ஒருமனதாக உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். நகரின் அமைப்புத் திட்டம் சட்டவழிப்பட்ட ஆவணம். அதனினின்றும் விலகுவோர் காரணம் காட்டுதல் வேண்டும். பாதிப்புறும் அயலார்க்கு வழக்காடும் தகுதி உண்டு என்பன அதன் சாரம். கோலாலம்பூர் அமைப்புத் திட்டம் 2020 இந்நிலத்தைப் பொதுவெளியாகவே காட்டியிருந்தது.

இந்திய நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. பெங்களூரிற் பூங்காவிற்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்தது செல்லாது என 1991இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. அவ்வழக்கைத் தொடுத்தவரும் அப்பகுதி மக்களே. ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்பை அகற்ற வழிவகை காணுமாறு மாநிலங்கட்கு அந்நீதிமன்றம் 2011 சனவரி 28இல் ஆணையிட்டது. மருத்துவமனையும் வீடும் தம்மளவில் நல்லனவே. நோக்கம் நன்றாதலால் மட்டும் பொதுநிலத்தின் பயனை மாற்றுதல் முறையாகிவிடாது என்பதே இத்தீர்ப்புகள் உணர்த்துவது.

கோலாலம்பூர்ப் பூங்காவைக் காத்தது, அது பொதுவெளி என எழுதிவைத்த ஆவணம். தொழிலாளர்க்கோ அத்தகைய வலிய எழுத்து இல்லை. வாய்மொழி உறுதியே இருந்தது. எழுத்துடையோர் நிலத்தைக் காத்தனர். எழுத்தில்லாதோர் நாற்பதாண்டு காத்திருந்தனர். இவ்வேறுபாட்டை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. மாணவர் தத்தம் ஊர் மன்று, மந்தை, பொட்டல்களின் எல்லையையும் பயனையும் முதியோர்பாற் கேட்டும் நிலப்பதிவேடுகளைக் கண்டும் தொகுத்தல் வேண்டும். அவ்விடங்களை ஒட்டி வாழும் எளியோர்க்கு வழங்கப்பட்ட உறுதிமொழிகளையும் உடன் பதிதல் வேண்டும். இவற்றுள் ஒன்றை விட்டு ஒன்றைப் பதிதல் பாதி வரலாறே ஆகும்.