அவ்வை இல்லம்: சட்டத்துக்கு முன்பே திறந்த கதவு

நம் வளாகத்து வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: “பையனுக்குப் பிறந்தநாள். பக்கத்தில் ஏதாவது ஹோம் இருந்தால் சொல்லுங்கள், ஒரு வேளைச் சாப்பாடு போடலாம்.” கேட்பவர்களின் மனசு நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஒரு இல்லம் எதற்காக உண்டாயிற்று என்று தெரிந்தால் நாம் கேட்கும் கேள்வி கொஞ்சம் மாறும். அடையாறு பக்கம் போகும்போது அவ்வை இல்லத்தின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அதன் கதையைச் சொல்கிறேன்.

அதை நிறுவியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் வந்தவர். மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி சேர வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பெண் என்பது ஒரு காரணம், தாயின் குலம் இன்னொரு காரணம். மகாராஜாவே தலையிட்டு இடம் கொடுக்க வேண்டியிருந்தது. கதவு சாத்தப்படுவது எப்படி இருக்கும் என்பது அந்த அம்மாவுக்கு இளம் வயதிலேயே தெரியும்.

1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பிறகு சென்னை சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் ஆனார். கோயில்களுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே போராடினார். 1929-ல் ஒரு திருத்தச் சட்டம் வந்தது. கோயில் ஊழியத்துக்காகக் கொடுக்கப்பட்ட மானிய நிலங்களை, இனி அந்த ஊழியம் செய்யாமலே அந்தப் பெண்கள் வைத்துக்கொள்ள அது வழி செய்தது. எல்லோரும் அவரைக் கொண்டாடவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிப் பெண்களே தடை யோசனையை எதிர்த்தார்கள். எங்கள் கலையும் சொத்துரிமையும் என்ன ஆகும், எங்கள் எல்லோரையும் ஒரே பெயரால் இழிவுபடுத்துவது நியாயமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்து அவர் பதவியைத் துறந்தார். ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான், பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிய சில சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நகரத்து விடுதிகளைக் கேட்டுப் பார்த்தார். ‘இன்ன குலத்துப் பிள்ளைகள்’ என்று தெரிந்ததும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான்.

பொட்டுக்கட்டுவதை முழுவதுமாகத் தடைசெய்த சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1930-ல் எட்டு வயதுச் சிறுமி, சட்டம் வரும்போது இருபத்தைந்து வயதுப் பெண். அதுவரை அவள் எங்கே தூங்குவாள், எந்தப் பள்ளிக்குப் போவாள்?

பெயரையும் கவனியுங்கள். ‘அநாதை’ என்ற சொல் அதில் இல்லை. ஊரெல்லாம் மதிக்கும் ஒரு மூதாட்டிப் புலவரின் பெயர். பள்ளிப் பதிவேட்டில் முகவரி எழுதும்போது ஒரு பெண் தலைகுனிய வேண்டியதில்லை.

தங்க இடமும் சோறும் மட்டும் கொடுத்து அந்த இல்லம் நின்றுவிடவில்லை. பள்ளி வந்தது, ஆசிரியர் பயிற்சி வந்தது. இல்லத்துப் பெண்களோடு சுற்றுவட்டார ஏழைக் குடும்பத்துப் பெண்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள். சம்பாதித்துத் தன் காலில் நிற்கும் வரை ஒரு பெண்ணுக்குத் துணை நிற்பதுதான் அங்கே வேலை. அதற்குப் பத்து, பன்னிரண்டு வருஷம் ஆகும். (அதே அம்மா 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கினார். அது தனிக் கதை, இன்னொரு இதழில் பார்ப்போம்.)

இப்போது நம் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு வருவோம். விசேஷ நாளில் மூன்று குடும்பம் பிரியாணி கொண்டுபோகும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஷூ, நோட்டு, பஸ் செலவு, பிளஸ் டூ டியூஷன் இதற்கெல்லாம் யாரும் கேக் வெட்டுவதில்லை. என் யோசனை இது: பராமரிப்புக் கட்டணத்தோடு, விருப்பமுள்ள வீடுகள் மட்டும் மாதம் ஒரு சிறு தொகை சேர்த்து, ஒரே ஒரு இல்லத்தின் படிப்புச் செலவை நாம் தொடர்ந்து ஏற்போம். குறைந்தது ஐந்து வருஷத்துக்கு.

எந்த இல்லம் என்று முடிவு செய்யும்முன், 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். போனால் குழந்தைகளோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போடக் கூடாது. பாதுகாப்பில் உள்ள பிள்ளைகளை அடையாளம் காட்டும் படத்தை வெளியிட அந்தச் சட்டமே தடை போடுகிறது. நம் வளாகத்தைச் சுற்றி எங்காவது ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098-ஐ அழையுங்கள். காவலாளிகளுக்கும் அந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் செயற்குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். லிஃப்ட் பராமரிப்புக்கு அடுத்தபடியாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து பாதியில் எழுந்து போய்விடாமல் அதுவரை உட்கார்ந்திருங்கள்.