அரபு அகராதியும் ஜெர்மனியின் வரலாறும்

இன்றைய அரபு எழுத்து வழக்கைப் பயில விரும்புவோர் உலகெங்கும் நாடுவது ஹான்ஸ் வேர் தொகுத்த அகராதியை. மூல எழுத்துகளின் (மாத்தா) வரிசையில் சொற்களை அடுக்கி, செய்தித்தாள்களிலும் புதினங்களிலும் வழங்கும் பொருளைத் தரும் இந்நூல் 1952இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. 1961இல் அது ஆங்கில வடிவம் பெற்றது. நம் நாட்டின் பல்கலைக்கழக அரபுத் துறைகளிலும் அரபுக் கல்லூரி நூலகங்களிலும் இருப்பது இந்த ஆங்கிலப் பதிப்பே. ஜெர்மன் மூலத்தின் முன்னுரையில், தொகுப்புப் பணியில் உதவியவர்களுக்கு நன்றி கூறும் இடத்தில், டாக்டர் கிளைன் என்னும் ஒரு பெண்மணியின் பெயர் காணப்படுகிறது. அவர் யார், நூல் வெளிவந்தபோது எங்கிருந்தார் என்பது பற்றி முன்னுரையில் ஒரு சொல்லும் இல்லை.

அந்த ஒரு பெயருக்குப் பின்னால் ஜெர்மனியின் நெடிய வரலாறு நிற்கிறது. அரபுக் கல்விக்கு ஐரோப்பாவில் மிகப் பெரும் தொண்டாற்றிய ஒரு சமூகம், அந்தக் கல்வியில் சிறந்த தன் மகள் ஒருத்தியையே கொலைக்களத்திற்கு அனுப்பியது எவ்வாறு? இக்கேள்வியை முன்வைத்து ஜெர்மானிய வரலாற்றின் சில திருப்பங்களை நோக்குவது பயன் தரும்.

லூதர் முதல் ரைஸ்கே வரை

1517இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய சமயச் சீர்திருத்தம் ஜெர்மன் நிலத்தை இரண்டாகப் பிளந்தது. உஸ்மானியப் படைகள் 1529இல் வியன்னாவை முற்றுகையிட்டிருந்த காலம் அது. 1542இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் திருக்குர்ஆனின் லத்தீன் மொழிபெயர்ப்பை அச்சிட முயன்றபோது நகர மன்றம் அதைத் தடுத்தது. அச்சிட அனுமதிக்குமாறு பரிந்து எழுதியவர்களுள் லூதரும் ஒருவர். 1543இல் நூல் வெளிவந்தது. அவர் பரிந்துரைத்தது இஸ்லாத்தின் மீதுள்ள மதிப்பால் அன்று. அதை மறுப்பதற்கு அது கையில் இருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஐரோப்பாவில் அரபு படிக்கப்பட்டதன் தொடக்க காலக் காரணங்கள் பெரும்பாலும் இத்தகையனவே.

சமயப் பிளவு முற்றி, 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போர் மூண்டது. போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் பல மாவட்டங்களை ஆளில்லாத பாழ்நிலமாக்கின. வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைக்குப் பிறகு ஜெர்மனி என்பது பெயரளவில் ஒரு பேரரசாகவும், உண்மையில் நூற்றுக்கணக்கான சிற்றரசுகளாகவும் நின்றது. கடல்கடந்த குடியேற்றங்களோ ஒன்றுபட்ட படையோ அதற்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு சிற்றரசும் தனக்கென ஒரு பல்கலைக்கழகத்தைப் பெருமையாகக் கருதியது.

இந்தச் சூழலில் தோன்றியவர் யோஹான் யாகோப் ரைஸ்கே (1716 - 1774). சாக்சனி நாட்டின் ட்சோர்பிக் என்னும் சிற்றூரில் பிறந்து, ஹாலேயின் அநாதை இல்லப் பள்ளியில் பயின்று, லைப்சிக்கில் ஆசிரியர் துணையின்றித் தாமே அரபு கற்றார். கையிலிருந்த பணமெல்லாம் அரபு நூல்களாயின. 1738இல் ஹாலந்தின் லைடன் நகருக்குச் சென்று, அங்கிருந்த அரபுக் கையெழுத்துப் படிகளுக்கிடையே எட்டாண்டுகள் வறுமையில் உழைத்தார். முஅல்லகாத் கவிஞர் தரஃபாவின் கஸீதாவைப் பதிப்பித்தார். முதனப்பியின் கவிதைகளை ஜெர்மனில் பெயர்த்தார். அபுல் ஃபிதாவின் வரலாற்று நூலை லத்தீனில் தந்தார். 1754இல் அதன் முதல் பகுதி வெளிவந்தபோது வாங்குவோர் இல்லை. முழுநூல் அச்சேறியது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே.

அக்காலத்தில் அரபு என்பது ஹீப்ரு வேதத்தை விளக்குவதற்கு உதவும் பணிப்பெண்ணாகவே பல்கலைக்கழகங்களில் கருதப்பட்டது. ரைஸ்கே இதை மறுத்தார். அரபு தன்னளவில் கற்கத்தக்க மொழி என்றும், இஸ்லாமிய வரலாறு இல்லாமல் உலக வரலாறு முழுமை பெறாது என்றும் வாதிட்டார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பொய்யரென வசைபாடும் வழக்கத்தையும் அவர் பின்பற்றவில்லை. இறையியலாளர்களின் ஐயத்திற்கு ஆளாகிப் பேராசிரியர் பதவியின் முழு ஊதியமும் மதிப்பும் கிடைக்காமல் வாழ்ந்தார். அரபு இலக்கியத்திற்காக உயிர்த்தியாகம் செய்தவன் என்று அவர் தம்மைப் பற்றிக் கூறிக்கொண்டது மிகையன்று. அவருடைய நண்பர் லெஸ்ஸிங் 1779இல் எழுதிய 'ஞானி நாத்தான்' நாடகம், சுல்தான் ஸலாஹுத்தீனின் ஜெரூசலத்தில் யூதரும் கிறித்தவரும் முஸ்லிமும் ஒரு குடும்பமாக இணைவதைக் காட்டியது. ரைஸ்கேயின் ஏழ்மையான வீட்டில் தொடங்கிய மனமாற்றம் நாடக மேடையை எட்டிவிட்டதை அதில் காண்கிறோம்.

அரசற்ற நாட்டின் அறிவு

1806இல் நெப்போலியனின் படைகள் யேனா நகருக்கு அருகே பிரஷ்யாவை முறியடித்தன. அதே ஆண்டில், ஏறத்தாழ ஆயிரமாண்டுப் பழமை கொண்டாடிய பேரரசு கலைக்கப்பட்டது. தோல்வியுற்ற பிரஷ்யா கல்வியின் மூலம் எழ முனைந்தது. 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. போரின் இரைச்சலுக்கிடையே முதிய கவிஞர் கோதே, ஹாஃபிஸின் கவிதைகளை மொழிபெயர்ப்பில் படித்து உள்ளம் நெகிழ்ந்தார். ரஷ்யப் படையுடன் வந்த பஷ்கீர் முஸ்லிம் வீரர்கள் வைமார் நகரின் கிறித்தவப் பள்ளி ஒன்றில் தொழுததை 1814 ஜனவரியில் அவர் வியப்புடன் ஒரு கடிதத்தில் குறித்தார். 1819இல் அவருடைய 'மேற்கு - கிழக்கு திவான்' வெளிவந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1923இல், அல்லாமா இக்பால் 'பயாமே மஷ்ரிக்' நூலால் அதற்கு மறுமொழி தந்தார்.

அடுத்த அரை நூற்றாண்டு ஜெர்மானிய அரபுக் கல்வியின் பொற்காலம். பாரிஸில் பயின்று திரும்பிய ஹைன்ரிஷ் ஃப்ளைஷர் 1835 முதல் லைப்சிக்கில் கற்பித்தார். பைளாவியின் தஃப்ஸீரைப் பதிப்பித்தார். 1845இல் ஜெர்மன் கீழைத்தேயவியல் கழகம் தோன்றியது. ஃப்ளூகல் 'கஷ்ஃபுள் ளுனூன்' நூலைப் பல தொகுதிகளாக அச்சேற்றினார். கோட்டிங்கனில் வூஸ்டன்ஃபெல்ட் இப்னு ஹிஷாமின் சீராவையும் (1858 - 1860) யாகூத்தின் 'முஃஜமுல் புல்தான்' நூலையும் (1866 - 1873) பதிப்பித்தார். கீழை நாடுகளில் பின்னர் வெளிவந்த பல அச்சுப் பிரதிகளுக்கு இவை அடிப்படையாயின. இவர்களிடம் தவறான முடிவுகளும் முன்முடிவுகளும் இருந்தன. அவற்றை நம் அறிஞர்கள் சுட்டியும் உள்ளனர். எனினும் ஒன்றைக் கருத வேண்டும். இங்கிலாந்தையும் பிரான்சையும்போல் ஆள்வதற்கு முஸ்லிம் நாடு எதுவும் அன்று ஜெர்மானியரிடம் இல்லை. அறிவைக் கொடுத்து அதிகாரத்தை வாங்கும் சந்தை அங்கே இன்னும் திறக்கப்படவில்லை.

அரசின் பணியில்

1848இல் மக்கள் உரிமை கோரி எழுந்த புரட்சி தோற்றது. ஃபிராங்க்ஃபர்ட் நாடாளுமன்றம் பேச்சாலும் சட்டத்தாலும் சாதிக்க முயன்ற ஒற்றுமையை, பிஸ்மார்க் டென்மார்க், ஆஸ்திரியா, பிரான்சு ஆகிய மூன்று நாடுகளுடன் போரிட்டு அடைந்தார். 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது. ஜெர்மனியின் ஒற்றுமை மக்கள் மன்றத்தில் பிறக்காமல் படை வெற்றியில் பிறந்தது என்பது பின்வந்த எழுபத்தைந்து ஆண்டுகளின் போக்கை வெகுவாகப் பாதித்தது.

பேரரசன் இரண்டாம் வில்ஹெல்ம் 1898இல் டமாஸ்கஸில் ஸலாஹுத்தீனின் அடக்கத்தலத்தில் மலர்வளையம் வைத்து, உலகின் முப்பது கோடி முஸ்லிம்களுக்கும் தாம் நண்பர் என அறிவித்தார். ஆனால் 1905 - 1907இல் ஜெர்மன் கிழக்காப்பிரிக்காவில் எழுந்த மஜி மஜி கிளர்ச்சியை அவருடைய படை நசுக்கியபோது, பயிர் எரிப்பாலும் பஞ்சத்தாலும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். இத்தகைய குடியேற்றங்களுக்கு அலுவலர்களைப் பயிற்றுவிக்க 1908இல் ஹாம்பர்க்கில் ஒரு கல்வி நிறுவனம் அமைந்தது. கீழைநாட்டு வரலாறும் பண்பாடும் கற்பிக்கும் இருக்கை அங்கே உருவாயிற்று. அரபுக் கல்வி இப்போது ஆட்சிக்கலையின் பகுதி.

முதல் உலகப்போர் மூண்டதும் இது முழுவடிவம் கொண்டது. பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா ஆகியவற்றின் கீழிருந்த முஸ்லிம்களைக் கிளர்ந்தெழச் செய்யும் திட்டத்தை மாக்ஸ் ஃபோன் ஓப்பன்ஹைம் வகுத்தார். 1914 நவம்பரில் இஸ்தான்புல்லில் ஜிஹாத் பிரகடனம் செய்யப்பட்டது. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃபில், இந்தியாவிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்து சிறைப்பட்ட வீரர்களுக்கான முகாமில் 1915இல் மரத்தாலான பள்ளிவாசல் எழுப்பப்பட்டது. தொழுகைக்கென ஜெர்மன் மண்ணில் கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல் அதுவே. கைதிகளின் மனத்தை வெல்லும் போர்த் தந்திரமாகவே அது எழுந்தது என்பதை மறக்கலாகாது. மொழியறிஞர்கள் அங்குள்ள கைதிகளின் குரல்களை ஒலித்தட்டுகளில் பதிந்தனர். அழைத்த நோக்கில் எழுச்சி ஏதும் நிகழவில்லை. 1918 நவம்பர் 9இல் பேரரசன் வீழ்ந்தான், குடியரசு பிறந்தது.

1933: கதவுகள் மூடுகின்றன

வெர்சாய் உடன்படிக்கையின் சுமை, 1923இன் பணவீக்கம், 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி, அறுபது இலட்சம் வேலையற்றோர் - இவை குடியரசின் வேரை அரித்தன. 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் தலைமை அமைச்சரானார். அவர் பதவிக்கு வந்தது படையெடுப்பால் அன்று. பழமைவாத அரசியலாளர் சிலர் அவரைக் கட்டுப்படுத்தலாமெனக் கணக்கிட்டு அளித்த நியமனத்தால். மார்ச் 23இல் நாடாளுமன்றமே தன் அதிகாரத்தை அவரிடம் ஒப்படைத்தது. ஏப்ரல் 7இன் சட்டம் யூத ஆசிரியர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியது. உடன் பணியாற்றியவர்களுள் மிகச் சிலரே வாய் திறந்தனர்.

ஹெட்விக் கிளைன் 1911இல் பிறந்த யூதப் பெண், ஹாம்பர்க்கில் வளர்ந்தவர். தந்தை முதல் உலகப்போரில் களத்தில் மாண்டவர். 1931இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய இயல் பயிலத் தொடங்கினார். உமான் மக்கள் இஸ்லாத்தை ஏற்றது முதலான வரலாற்றைக் கூறும் 'கஷ்ஃபுல் ஃகும்மா'வின் ஓர் அத்தியாயத்தைக் கையெழுத்துப் படிகளிலிருந்து பதிப்பித்து ஆய்வேடாக அளித்தார். 1937 இறுதியில் மிக உயர்ந்த தகுதியுடன் தேர்ச்சி பெற்றார். ஆனால் ஆய்வேட்டை அச்சிட அனுமதி மறுக்கப்பட்டதால் பட்டம் கைக்கு வரவில்லை.

புவியியல் அறிஞர் கார்ல் ராத்யன்ஸ் முயன்று, அவர் பம்பாய் செல்ல வழி செய்தார். 1939 ஆகஸ்ட் 19இல் அவர் கப்பலேறினார். கப்பல் ஆன்ட்வெர்ப்பை அடைந்தபோது, போர் நெருங்கியதால் ஜெர்மன் துறைமுகத்திற்குத் திரும்புமாறு ஆணை வந்தது. இந்தியாவை நோக்கி நீண்ட பாதை சில நாட்களிலேயே ஹாம்பர்க்கில் முடிந்தது.

அப்போது ஹான்ஸ் வேர், புதிய அரபு அகராதிக்குச் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். அவர் 1940இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். ஹிட்லரின் நூலைச் செம்மையான அரபில் பெயர்க்க இவ்வகராதி உதவும் என்பதால் அரசு அதில் அக்கறை காட்டியது. ஆசிரியர் ஆர்தர் ஷாடேயின் பரிந்துரையால் கிளைன் அப்பணியில் சேர்ந்தார். தற்கால அரபு நூல்களைப் படித்து, சொல்லையும் பொருளையும் சீட்டுகளில் எழுதி அனுப்பினார். அவர் பணி மிகச் சிறந்தது என்று குழுவிலிருந்த ஒருவர் எழுதினார்; உதவியோர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்ப்பது இயலாதென்றும் உடன் குறித்தார். தம் இனத்தை அழிக்கத் துடித்தவனின் நூலுக்குப் பயன்படக்கூடிய அகராதிக்கே அவர் உழைத்தார். அந்த உழைப்பே அவர் உயிருக்குக் காப்பாகவும் இருந்தது. 1941 டிசம்பரில் நாடுகடத்தல் ஆணை வந்தபோது, அகராதிக்கு அவர் தேவை என ஷாடே எழுதி அதைத் தள்ளிவைத்தார். 1942 ஜூலை 11இல் அந்தக் காப்பும் நீங்கியது. ஹாம்பர்க்கிலிருந்து ஆஷ்விட்சுக்குச் சென்ற இரயிலில் அவர் ஏற்றப்பட்டார். திரும்பவில்லை.

எல்லோரும் ஒரே வழியில் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பான் நகரின் புகழ்பெற்ற அரபுப் பேராசிரியர் பவுல் காலேயின் மனைவியும் மகனும், 1938 நவம்பர் 9 இரவின் வன்முறையில் சூறையாடப்பட்ட ஒரு யூதப் பெண்ணின் கடையைச் சீர்செய்ய உதவினர். அதனால் நேர்ந்த தொல்லையில் குடும்பமே 1939இல் இங்கிலாந்துக்கு வெளியேறியது. வேறு வழி இல்லை என்ற சமாதானத்தை இக்குடும்பத்தின் செயல் பொய்யாக்குகிறது.

பின்னர்

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. 1947இல் ராத்யன்ஸின் முயற்சியால் கிளைனின் ஆய்வேடு அச்சாகி, இல்லாதவருக்கு டாக்டர் பட்டம் வழங்கப்பட்டது. 1949இல் நாடு இரண்டாயிற்று. 1952இல் அகராதி வெளிவந்தது. வேர் பேராசிரியராக மதிப்புடன் வாழ்ந்து 1981இல் மறைந்தார். 1961இல் பெர்லின் சுவர் எழுந்த அதே ஆண்டில் துருக்கியத் தொழிலாளரை அழைக்கும் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஒரு காலத்தில் கையெழுத்துப் படிகளில் மட்டும் இஸ்லாத்தைக் கண்ட நாட்டில் இன்று ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வாழ்கின்றனர். 1989 நவம்பர் 9இல் சுவர் திறந்தது. மறு ஆண்டு நாடு ஒன்றுபட்டது. கிளைனின் கதை அகராதியில் இடம்பெற மேலும் முப்பதாண்டுகள் ஆயின. 2020ஆம் ஆண்டின் பதிப்பே அவருக்கு நேர்ந்ததை வாசகருக்குச் சொன்னது.

இந்த வரலாற்றிலிருந்து ஜெர்மானியரின் கல்வி பயனற்றது என்ற முடிவுக்கு வருவது பிழை. அகராதி பிழையற்றது, பதிப்புகள் நேர்த்தியானவை, அவற்றை நாம் தொடர்ந்து பயன்படுத்துவோம். ஆனால் இலக்கணத்தில் காட்டிய நுட்பம் அறத்திலும் தானே வந்துசேரும் என்று எவரும் நம்பிவிட வேண்டியதில்லை. செயலோடு சேராத இல்மு அதை உடையவருக்கே எதிர்ச்சான்றாகும் என்று நம் முன்னோர் எச்சரித்தது பிற சமூகங்களை மட்டும் நோக்கியன்று. ரைஸ்கே அதிகாரம் எதுவுமின்றி அறிவுக்கு நேர்மையாக இருந்தார். அவருக்குப் பின்வந்தோருள் பலர் நாற்காலி கிடைத்ததும் பக்கத்து நாற்காலி காலியானதைப் பாராதிருந்தனர். அறிவு ஓர் அமானிதம் எனில், அதை நமக்கு எழுதித் தந்தவரின் பெயரும் அந்த அமானிதத்தைச் சேர்ந்ததே. அகராதியைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் மூல எழுத்துகளைத் தேடும் முறையோடு, ஹெட்விக் கிளைன் யார் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது கடமை.