கழலை நோயும் கடற்பாசியும்

கடற்பாசியின் மருத்துவப் பயனை ஆராய்வோர் அதன் வரலாற்றை 1811-ஆம் ஆண்டில் தொடங்குதல் பெருவழக்கு. அயோடின் என்னும் தனிமம் கண்டறியப்பெற்ற ஆண்டு அது. இத் தொடக்கம் முற்றும் பொருந்துவதன்று என்பதும், அத் தனிமம் மருந்தானதற்குப் பழைய மருத்துவக் குறிப்பொன்று வழிகாட்டிற்று என்பதும் ஈண்டு யாம் நிறுவ முற்படுவன.

நெப்போலியன் காலத்துப் போர்களால் பிரான்சில் வெடியுப்பின் தேவை மிகுந்தது; அதனை ஆக்குதற்குரிய மரச்சாம்பலோ அரிதாயிற்று. ஆதலின், பாரிசில் அத்தொழில் நடத்திய பெர்னார்டு கூர்த்துவா கடற்பாசியை எரித்த சாம்பலைப் பயன்கொண்டார். 1811-இல் அச் சாம்பற்கரைசலிற் கந்தக அமிலம் அளவு மீறிச் சேரவே, ஊதா நிற ஆவி எழுந்து பளிங்குகளாகப் படிந்தது. கே-லூசாக்கும் ஹம்பிரி டேவியும் 1813-இல் அதனை ஆராய்ந்து, புதிய தனிமம் எனத் தெளிந்தனர். அதன் மருத்துவப் பயன் கருதி 1831-இல் 6,000 பிராங்கு பரிசு பெற்ற கூர்த்துவா, 1838-இல் வறுமையில் மறைந்தார்.

இத் தனிமம் மருந்தானது எவ்வாறு? செனீவா நகரத்து மருத்துவர் குவாந்தே, வேறொரு மருந்தின் செய்முறையைத் தேடி மருந்துத் தொகை நூலொன்றைப் புரட்டுகையில், கழலைக்குக் கடற்பாசி நன்றென ரஸ்ஸல் என்னும் ஆங்கில மருத்துவர் கூறிய குறிப்பைக் கண்டார். அந்நோய்க்குச் சுட்ட கடற்பஞ்சினை அளித்தல் ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கு. பாசிக்கும் பஞ்சிற்கும் பொதுவாய் நின்று நோய் தீர்ப்பது அயோடினே ஆதல் வேண்டும் என அவர் உய்த்துணர்ந்தார். அதனையே நோயாளர்க்கு அளித்துக் கண்ட முடிவை 1820-இல் வெளியிட்டார்.

ரஸ்ஸலும் முதல்வர் அல்லர். கி.பி. 4-ஆம் நூற்றாண்டுச் சீனரான கே ஹோங், கழலைக்குக் கடற்பாசியை மதுவில் ஊறவைத்து அளிக்குமாறு குறித்துள்ளார். நெடுந்தொலைவில் வாழ்ந்த இரு மக்களினத்தார் ஒரே நோய்க்குக் கடல்படு பொருளையே நாடியமை தற்செயல் எனத் தள்ளற்பாலதன்று.

எனினும், பயன் அறிதல் வேறு. காரணம் அறிதல் வேறு. அளவு அறிதல் அவற்றினும் வேறு. குவாந்தேயின் முடிவு பரவியதும், மருத்துவரை வினவாது அயோடினை மிகுதியாக உட்கொண்டோர் உடல் மெலிந்து நெஞ்சு படபடத்து வருந்தினர். மருத்துவர் மேற்பார்வையிலேயே அதனை வழங்கல் வேண்டும் என அவரே வற்புறுத்த நேர்ந்தது. கழுத்துச் சுரப்பியில் அயோடின் உண்மையைப் பௌமன் 1896-இல் வெளிப்படுத்திய பின்னரே காரணம் விளங்கலாயிற்று. 1922-இல் சுவிட்சர்லாந்தில் அயோடின் சேர்ந்த உப்பு மக்கள் வழக்கிற்கு வந்தது.

இவ் வரலாறு நம்மனோர்க்கும் உரியது. பழைய மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிக்கப் புகுவோர் இருவகைப் பிழைக்கு ஆளாகின்றனர். சுவடி கூறுவதனைத்தையும் மெய்யெனக் கொள்ளுதல் ஒன்று. ஆராயாது ஒதுக்குதல் மற்றொன்று. குவாந்தே இவ்விரண்டும் செய்திலர். ஒரு வரியை வினாவாகக் கொண்டார். இன்றும் பழுப்புநிறப் பாசிகளிலிருந்து பிரிக்கப்பெறும் பியூகாய்டன் முதலியன ஆய்வுக்கூடத்தில் நற்பயன் காட்டுகின்றன. அது கொண்டே அவை மக்களுக்கு மருந்தாம் என விளம்புதல் அளவறியாப் பிழையே ஆகும். சுவடியின் ஒரு சொல்லைத் திருத்தமுறப் பதிப்பித்தல் ஓர் உயிரைக் காக்கவும் கூடும். பிழைபடப் பதிப்பித்தல் போக்கவும் கூடும் என்பதே எம் துணிபு.