தோட்டக்காரன் மகனும் ராஜா மகளும்

எனக்கு மாயாஜாலக் கதை என்றால் உயிர். இதைச் சொன்னால் நம்ம தோழர்கள் சிரிக்கிறார்கள். ‘இந்த வயசுல இன்னாத்துக்குப்பா பூதமும் குகையும், நம்ம வலியை எழுதேன்’ என்கிறார்கள். வலியைத்தான் எழுதுகிறேன். எனக்கு அது பூதக் கதை வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

பள்ளிப்பட்டு 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. வடக்கெல்லைப் போராட்டத்துக்கு அப்புறம் திருத்தணியோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. கோடுதான் மாறியது, நாக்கு மாறவில்லை. சேரியிலும் சரி, நெசவுத் தெருவிலும் சரி, தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் வரும். டூரிங் டாக்கீஸில் எந்த மொழிப் படம் போட்டாலும் எங்களுக்கு ஒன்றுதான். தெருக்கூத்து நடந்தால் சேரி ஆட்கள் நிற்கிற இடம் தனி. டாக்கீஸில் அப்படி இல்லை, காசு கொடுத்தவன் தரையில் உட்காரலாம். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் முதன்முதலாக உட்கார்ந்தது சினிமாக் கொட்டகையில்தான் என்று கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். உட்கார்ந்தது உண்மைதான். நாங்கள் குவித்த மணல் மேட்டுக்கும் ஊர்க்காரன் குவித்த மேட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் எப்பவும் காலியாகக் கிடந்ததும் உண்மை.

அங்கேதான் ‘பாதாள பைரவி’ பார்த்தேன். 1951இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த படம். கே.வி. ரெட்டி எடுத்தது. கதாநாயகன் ராமன் தோட்டக்காரன் மகன். உஜ்ஜயினி ராஜா மகளை விரும்புகிறான். எனக்குச் சமமான செல்வத்தோடு வா, பெண் தருகிறேன் என்கிறான் ராஜா. மாந்திரீகன் ஒருவன் இவனைப் பலி கொடுக்கக் கூட்டிப் போகிறான். இவன் முந்திக்கொண்டு மாந்திரீகனைப் பலி கொடுத்துவிட்டு வரம் வாங்குகிறான். மாளிகை எழும்புகிறது, ராஜா பல்லிளிக்கிறான். என் நைனா விசிலடித்தது அந்த இடத்துக்குத்தான். அடுத்த நாள் காலையில் அதே நைனா சம்பளத்தில் பாக்கி கேட்க ரெட்டியார் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கினு நின்றார்.

இந்தப் படத்தை எடுத்த நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் 1947 ஜூலையில் அம்புலிமாமாவை ஆரம்பித்தவர்கள். தெலுங்கில் அதுவே சந்தமாமா. அட்டை கிழிந்த பிரதிகள் பழைய பேப்பர்க் கடையில் கிடைக்கும். பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமன் நடந்து வருகிற அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர். அதற்கு ஈடாக ஒரு படம் தமிழ்ப் பத்திரிகையில் வரவில்லை என்பது என் கட்சி. வேதாளம் கதை சொல்லும், கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். நான் பதிலை மறைத்து வைத்துக்கொண்டு யோசிப்பேன்.

பிற்பாடுதான் மூலத்தைத் தேடிப் படித்தேன். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரம். அதில் ஒரு வேதாளக் கதை. இதிலும் உஜ்ஜயினிதான், ராஜா மகள்தான். பெண் கேட்டு நான்கு பேர் வருகிறார்கள். முதல் ஆள் நெசவுக்காரன், சூத்திரன். நாளைக்கு ஐந்து சோடித் துணி நெய்வான். சாமிக்கு ஒன்று, பார்ப்பானுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, வரப்போகிற பெண்டாட்டிக்கு ஒன்று. ஐந்தாவதை விற்றுச் சாப்பாடு. இரண்டாவது ஆள் வைசியன், மிருக பாஷை தெரிந்தவன். அடுத்தவன் வாள் வீசுகிற சத்திரியன். கடைசி ஆள் செத்தவரை எழுப்புகிற பிராமணன். பெண் யாருக்கு? நான் யோசிக்கவே இல்லை, நெசவுக்காரனுக்குத்தான் என்று முடிவு கட்டினேன். இன்னும் வராத பெண்ணுக்குத் தினம் ஒரு சோடி எடுத்து வைக்கிறவனை விட்டு வேறு எவனுக்குக் கொடுப்பது?

விக்கிரமன் சொல்கிற பதில், சத்திரியனுக்கு. நெசவுக்காரன் சூத்திரனாச்சே, அவனுக்கு எப்படி ராஜா வீட்டுப் பெண்ணைக் கொடுப்பது என்கிறான். எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. சூத்திரனுக்கே இதுதான் பதில். சேரிக்காரன் அந்த வரிசையிலேயே இல்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் பொறியியல் மாணவர் சங்கரை வெட்டினார்களே, அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்கு இந்தக் கதைதான் திரும்பத் திரும்ப வந்தது.

பெண்ணைக் கொடுக்க இன்னொரு வழியும் கதைக்காரர்களிடம் உண்டு, பிறப்பு ரகசியம். 1956இல் வந்த ‘மதுரை வீரன்’ எம்.ஜி.ஆர். படங்களில் பெரிய வெற்றி. செருப்புத் தைக்கிற தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும். இவர்கள் வளர்த்த பிள்ளை பாளையக்காரன் மகள் பொம்மியைத் தூக்கிப் போகிறான். ஆனால் அவன் காட்டில் விடப்பட்ட ராஜகுமாரனாம்! படத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, கதைப்பாட்டிலேயே அப்படித்தான். முத்துப்பட்டன் கதையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. பார்ப்பான் ஒருவன் சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இரண்டு பேரையும் கட்டிக்கொண்ட கதை. பிற்கால வடிவங்களில் அந்தப் பெண்களே பார்ப்பன வீட்டில் பிறந்து சக்கிலியரிடம் வளர்ந்தவர்கள் ஆகிவிட்டார்கள். இதை நா. வானமாமலை எடுத்துக் காட்டியிருக்கிறார். பூர்வீகத்தைத் திருத்தாமல் தாலி கட்ட விடமாட்டான் போலிருக்கிறது.

பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘மதுரை வீரன்’, 1958இல் வந்த ‘காத்தவராயன்’ இரண்டுக்கும் இசை ஜி. ராமநாதன். ராகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் என் ஆயா பம்பைக்கும் உடுக்கைக்கும் காத்தவராயன் கதை கேட்டு வளர்ந்தவள். அவள் கேட்ட கதையில் சேரியில் வளர்ந்த காத்தவராயன் பார்ப்பனப் பெண் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுமரத்தில் ஏற்றப்படுகிறான். சிவாஜி நடித்த படத்துக்கு அவளைக் கூட்டிப் போனோம். பாதியிலேயே எழுந்துவிட்டாள். ‘பாட்டு நல்லாத்தான்டா கீது. உடுக்கை எங்க?’ என்று கேட்டாள். அப்போது எனக்கு அது கிழவியின் முரண்டாகப் பட்டது.

இப்பவும் ‘பாதாள பைரவி’ பார்க்கிறேன். மாளிகை எழும்பி ராஜா சம்மதிக்கிற கட்டம் வந்தால் ஓட்டிவிடுவேன். நேரே எஸ்.வி. ரங்காராவ் குகையில் சிரிக்கிற இடத்துக்குப் போய்விடுவேன். அந்த மாந்திரீகனுக்கு அப்பன் பேர் யாரும் கேட்பதில்லை.