வஸ்திர மரியாதை (ஸ்ரீவில்லிபுத்தூர்)

வஸ்திர மரியாதை என்பது ஒரு கோயில் தெய்வம் உடுத்திக் களைந்த பட்டையும் சூடிக் களைந்த மாலையையும் இன்னொரு கோயிலுக்கு விழாக் காலத்தில் அனுப்பிவைக்கும் வைணவ வழக்கம். விருதுநகர் மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் இதற்குப் பெயர் பெற்றது. பத்திரிகைகள் இதை ‘மங்கலப் பொருள் பரிமாற்றம்’ என்றும் எழுதும்.

பெருமாளுக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் முதலில் தான் சூடிப் பார்த்து அனுப்பினாள் என்பதும், அவளை வளர்த்த பெரியாழ்வார் பதறியபோதும் பெருமாள் அதையே விரும்பினார் என்பதும் தலவரலாறு. மற்ற இடங்களில் கோடித் துணிக்குத்தான் மதிப்பு. இங்கே கட்டிக் களைந்ததற்குத்தான்.

சித்திரையில் இரண்டு பயணங்கள். ஒன்று மதுரைக்கு: தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் கள்ளழகர் ஆண்டாள் மாலையை ஏற்ற பின்பே, பௌர்ணமியன்று தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். அன்று கூட்டம் முதலில் பார்ப்பது அழகர் உடுத்தியிருக்கும் பட்டின் நிறத்தை. பெட்டிக்குள் கைவிட்டு பட்டர் எடுக்கும் பட்டு பச்சையாக வந்தால் அந்த ஆண்டு மழையும் விளைச்சலும் குறையாது என்பது ஊர் நம்பிக்கை. ஒரு துணியின் நிறத்துக்காக இத்தனை லட்சம் பேர் விடிய விடியக் காத்திருக்கும் கூட்டம் வேறு எங்கும் உண்டா என்பது சந்தேகமே. இரண்டாவது ஸ்ரீரங்கத்துக்கு, சித்திரைத் தேருக்கு. புரட்டாசியில் திருமலை பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் கருட சேவைக்கும் மாலை, பட்டு, கிளி மூன்றும் போகின்றன.

போவதற்கு ஈடாக வரவும் உண்டு. பங்குனித் திருக்கல்யாணத்துக்குத் திருப்பதியிலிருந்து பட்டு வரும். ஆண்டாள் பிறந்த ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வஸ்திரம் வரும். சம்பந்தி வீட்டுச் சீர் போலவே ஊர் இதைப் பார்க்கிறது.

பட்டோடு போகும் கிளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது மரத்திலோ மண்ணிலோ செய்த பொம்மை அல்ல. மூக்குக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை, இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு வெள்ளரளியும் செவ்வரளியும், கண்ணுக்குக் காக்காப்பொன். கட்டுவது வாழைநாரால். ஒரு கிளியை முடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். கோயிலில் இது அன்றாட வேலை. சாயரட்சையில் ஆண்டாளின் இடக்கையில் ஏறும் கிளி மறுநாள் பக்தர் ஒருவருக்குப் பிரசாதமாகிவிடும். கட்டுபவர் அடுத்த கிளிக்கு இலை பறிக்கப் போய்விடுவார். கண்காட்சியில் வைத்து விற்க முடியாத கைவினை என்பதாலோ என்னவோ, கைவினைப் பட்டியல்களில் இதை அதிகம் காண்பதில்லை.

துணியே விழாவாகும் நாள் கார்த்திகையில் வரும் கைசிக ஏகாதசி. சுமார் 20 கி.மீ. தள்ளிச் சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டித் தாளில் ஒரு வரியோடு முடிந்துவிடும் நாள். கோயிலிலோ ஓர் இரவு முழுவதும் நீளும். வடபத்ரசாயி பெருமாள் சன்னிதியின் கோபால விலாசத்தில் எழுந்தருளும் உற்சவமூர்த்திகளுக்கு 108 வஸ்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சாற்றுவார்கள். பனிக்காலத்துக்குப் போர்வை என்பதால் ‘போர்வை சாற்றுதல்’ என்ற பெயரும் உண்டு. பிறகு கைசிக புராணம் வாசிக்கப்படும். திருக்குறுங்குடி நம்பியைப் பாடிய பாணர் நம்பாடுவான், தன்னைத் தின்ன வந்த பிரம்மராட்சசனுக்குத் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றிய கதை அது. ஸ்ரீரங்கத்தில் இதே நாளில் சாற்றப்படும் வஸ்திரங்கள் 365, ஆண்டின் நாளுக்கு ஒன்று என்ற கணக்கு.

பட்டு இத்தனை பேசப்பட்டாலும் சுற்று வட்டாரம் பருத்தி நாடு. சுந்தரபாண்டியத்திலும் அருப்புக்கோட்டையிலும் கைத்தறிச் சேலை, சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் நைட்டி. கைத்தறிக்கென ஆகஸ்ட் 7-ஐ தேசிய நாளாக ஒன்றிய அரசு 2015 முதல் கொண்டாடுகிறது. 1905-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய நாள் அது. அந்தத் தேதியை ஒட்டிச் சில ஆண்டுகளில் ஆடிப்பூரமும் வந்துவிடும். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் தேர்வடம் பிடிக்க வருபவர்களில் தறிக்கு லீவு விட்டு வந்தவர்களும் இருப்பார்கள்.